ஏகாதசித் தண்ணீர்

குருவை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அன்று ஏகாதசி. அந்த நாளில் சுவாமி எச்சில்கூட விழுங்கமாட்டார் என்று மடத்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அவர் எங்களைவிட வயதில் இளையவர். என் மனைவி கோமளவல்லி அவருடைய சிஷ்யை.

கோமளா பல வருடங்களாக லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். அதற்கு முன்பெல்லாம் நாள்கணக்கில் தூங்காமல் பாடிக்கொண்டே இருப்பாள். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். மாத்திரைதான் அவளைத் திருப்பித் தந்தது.

அந்தச் சமயத்தில் அவளுக்கு எலும்பெல்லாம் வலி. சிறுநீரகத்தில் கல். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தது. அதைக் கட்டுப்படுத்தும் சின்னச் சுரப்பிகள் கழுத்தில் இருக்கின்றன, அவற்றில் ஒன்று வீங்கிவிட்டது, நாள்பட்ட லித்தியத்தால் அப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர்.

அந்த ஏகாதசியன்று மடத்துக் கூடத்தில் கோமளா மாத்திரை அட்டையைப் பழம் வைப்பதுபோல் குருவின் முன் வைத்தாள்.

"காப்பாத்தினதே என் எலும்பைத் தின்னுது சுவாமி. உங்க பாதத்துலயே விட்டுடறேன்."

"டாக்டர் விடச் சொன்னாரா?"

"இல்லை. மாத்திரை இருக்கட்டும், வீங்கினதை மட்டும் எடுத்துடலாம்கிறார். கழுத்தை அறுக்கணுமாம்."

"என் உபன்யாசத்தைவிடவா?"

பக்கத்தில் நின்ற மடத்துச் சாரங்கன் சிரித்துவிட்டார். கோமளா சிரிக்கவில்லை.

"வேற என்ன சொன்னார்?"

"தண்ணி நிறையக் குடிக்கணும். பட்டினி கூடாது."

"இன்னிக்குக் குடிச்சீங்களா?"

"ஏகாதசி சுவாமி."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான்."

குரு மாத்திரை அட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு, "சாரங்கா, ஒரு செம்பு தண்ணி" என்றார்.

"திருமஞ்சனத்துக்கா சுவாமி?"

"தாகத்துக்கு."

எல்லோரும் பார்க்க குரு அண்ணாந்து குடித்தார். செம்பைத் திரும்ப நிரப்பச் சொல்லிக் கோமளாவிடம் நீட்டினார். அவள் அழுதுகொண்டே குடித்தாள். பாதி புடவையில் சிந்தியது.

அவர் மாத்திரை அட்டையை எடுத்து, மேலே ஒரு துளசி இலையை வைத்தார். கோமளா முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

"பிரசாதம். வேளை தப்பக் கூடாது. ஆபரேஷன் எப்போ?"

"நல்ல நாள் பார்த்து..."

"டாக்டருக்கு ஒழியற நாள்தான் நல்ல நாள்."

"எனக்காக உங்க விரதம் போச்சே சுவாமி."

"ஏகாதசி பதினஞ்சு நாள்ல திரும்பி வரும் அம்மா."



அடுத்த ஏகாதசி வருவதற்குள் குரு மாரடைப்பில் போய்விட்டார். கோமளா ஆபரேஷன் செய்துகொண்டாள். மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் கடைசிவரை நிற்கவில்லை. கழுத்தில் மெல்லிய தழும்போடு வெகுகாலம் என்னோடு இருந்தாள்.

குரு போன பிறகு சாரங்கன் கொடுத்தனுப்பிய அந்தச் செம்பு இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது.