கிடா அடித்த மொட்டை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. எனக்குச் சொன்னது ஓர் ஓணான். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் பிராணியை எப்படி நம்புவது?

ஓணான் சொன்னது இதுதான்.

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு கிடா இருந்தது. அதற்குப் பல்தான் கத்தரிக்கோல். அங்கே வளர்ந்த அடர்ந்த புதர் ஒன்றை நுனி நுனியாகக் கடித்து, யானை உருவத்துக்குக் கொண்டுவந்திருந்தது. தண்ணீர் குடிக்க வரும் யானைகள் அதன் முன் நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். அந்தப் பெருமைக்காகவே கிடா உயிர் வாழ்ந்தது.

எதிரே ஒரு பாறை. அதன் வெடிப்பில் ஆல இனத்தைச் சேர்ந்த ஓர் இச்சி மரம். அங்கே குடியிருந்த முயல் அதன் வேரையும் கிளையையும் அளவாகக் கொறித்துக் கொறித்து வளர்த்தது. கிழட்டு மரம்தான், உயரமோ ஒரு முழம்! விழுதுகூட விட்டிருந்தது.

ஒருநாள் மூத்த யானை புதரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாறைக்குப் போனது.

"அடேயப்பா! கைக்குள் அடங்கும் ஆலமரம்போல் இருக்கிறதே!" என்றது.

கிடாவுக்கு வயிறு எரிந்தது. "முழ உயரக் குச்சிக்கு இவ்வளவு பேச்சா?"

அன்றிலிருந்து அதற்குப் புல் இறங்கவில்லை. முயல் வெளியே போன நேரம் பார்த்துப் பாறையில் ஏறியது. ஓர் இலை விடாமல் தின்று தீர்த்தது.

"இனி வந்து மொட்டைக் குச்சியைப் பார்க்கட்டும்!"

திரும்பி வந்த முயல் விழுந்து புரண்டு அழுதது. ஆனால் சில வாரங்களில் மரம் துளிர்த்தது. புது இலைகள் பழையவற்றில் பாதி அளவுதான்! குட்டி மரத்துக்கேற்ற குட்டி இலைகள். யானைகள் பாறையை விட்டு நகரவே இல்லை.

"இதை மொட்டையடித்த மகராசன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்!" என்றது முயல், கிடாவைப் பார்த்துக்கொண்டே.

கிடா திருதிருவென்று விழித்தது. பிறகு அதன் கண் பளிச்சிட்டது. "ஓகோ! வித்தை இதுதானா?" என்று குளத்துப் பக்கம் ஓடியது.

"எங்கே அண்ணே ஓட்டம்?"

"என் புதரையும் மொட்டையடிக்கத்தான்! பொடி இலையோடு என் புதர் யானை நின்றால் உன் குச்சியை எவன் பார்ப்பான்?"

முயல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

கிடா ஒரே மூச்சில் புதரைக் கடித்துத் தள்ளியது. அந்தப் புதருக்கு மேல்புறத்தில் மட்டும்தான் பச்சை இலை. உள்ளே வெறும் குச்சி. பச்சை போனால் பழைய குச்சியில் துளிர் வராது. மழை வந்தது, போனது. யானை உருவம் விறகாக நின்றது. கிடா அதைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது.

"அடுத்தவர் மரத்தைப் பார்த்து வயிறெரிபவன், தன் செடியைத் தானே அழித்துக்கொள்வான்" என்று முடித்தது ஓணான்.

இத்தனை காலம் கழித்து, போன வாரம்தான் அதனிடம் கேட்டேன்.

"எது துளிர்க்கும், எது துளிர்க்காது என்று முயலுக்குத் தெரியாதா? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டதே, அப்படியானால் பொறாமை கிடாவுக்கு மட்டும்தானா?"