சிவமலையின் பசுவும் சீமை மருந்தும்

ஊருக்குப் புதிதாக வந்த கால்நடை மருத்துவர் செண்பகவல்லி, ஊசியோடு மூலிகையும் சேர்த்து வைத்தியம் பார்ப்பாள்.

அரிசி மில் முதலாளி சிவமலையின் பசுவுக்கு மடிவீக்கம் கண்டது. கன்றைக்கூட அண்டவிடவில்லை. செண்பகவல்லியை வரவழைத்து மிரட்டினார் சிவமலை.

"இலை தழையெல்லாம் ஏழைபாழைங்க மாட்டோட வச்சுக்க. என் பசுவுக்குச் சீமை மருந்துதான் போடணும். மீறினா உன்னை வேற ஊருக்கு மாத்திடுவேன்."

மடி கல்லாக இறுகியிருந்தது. ஊசி மட்டும் போதாதென்று செண்பகவல்லிக்குத் தெரிந்தது.

"சரிங்க ஐயா. ஊசியோட ஆலோ பார்படென்சிஸ், குர்குமா லாங்கா, கால்சியம் ஹைட்ராக்சைடு மூணையும் கலந்து பூசணும்."

பெயர்களைக் கேட்டதுமே சிவமலைக்குப் பெருமை தாங்கவில்லை. "பேஷாப் பூசு!" என்றார்.

ஊசி போட்டாள். ஆஸ்பத்திரியிலேயே அரைத்து எடுத்துவந்து, வேளை தவறாமல் பூசினாள். வீக்கம் வற்றியது. கன்று முட்டி முட்டிக் குடித்தது.

பால் சொசைட்டியில் சிவமலை மீசையை முறுக்கினார். "பாத்தீங்களா, சீமை மருந்தோட மகிமையை!"

பால் ஊற்ற வந்த ராமாயி, அங்கிருந்த செண்பகவல்லியிடம் கண்கலங்கினாள். "எம் மாட்டுக்கும் அதே நோவு தாயி. அந்த மருந்துக்கு நான் எங்க போவேன்?"

"எங்கயும் போக வேண்டாங்க. வேலியில இருக்கிற கத்தாழை, அடுப்படி மஞ்சள், வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு, அவ்வளவுதான். ஊசியை நான் வந்து போடறேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிவமலை முகம் சிவந்தது. "என்னை ஏமாத்தினியா?"

"ஒரு பேரும் பொய்யில்லைங்க ஐயா. நீங்க சீமைப் பேர் கேட்டீங்க, பசுவுக்குக் குணம் வேணும். ரெண்டையும் கொடுத்தேன்."

கன்று முட்டிக் குடித்த காட்சி நினைவுக்கு வர, சிவமலை மெல்லக் கைகூப்பினார். "என் பசுவைக் காப்பாத்துனீங்க டாக்டரம்மா. ராமாயியோட வந்து வண்டியில ஏறுங்க. போற வழியில என் தோட்டத்துக் கத்தாழையைப் பறிச்சுக்கலாம்."