சாப்பாட்டறை வாசலில் நாகப்பர்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு, சத்தியமாக. ஆனால் இப்போதே கேட்டால் கிடைக்காது. முதலில் நாகப்பர் நன்றாகக் கோபப்பட்டு முடிக்க வேண்டும்.

நாகப்பர் சீடர். குரு கோமளவல்லி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். குருவின் வீட்டில் சீடர்கள் பத்துப் பேர், அத்தனை பேருக்கும் இணையத்தைப் பிரித்துத்தர ரவுட்டர் ஒன்று. கம்பெனி போட்டுத்தந்த மென்பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளை அதில் ஏற்றியவர் நாகப்பர்தான். அன்றிலிருந்து இணையம் நொண்டியது.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா கம்பெனி மென்பொருளோட வேற ரவுட்டர் வரும்" என்றார் பரஞ்சோதி. வீட்டு நிர்வாகம் அவர் கையில்.

"அது இந்தப் படி ஏறட்டும், நான் இறங்கிடறேன்!" என்றார் நாகப்பர்.

இடத்தை மாற்றினார். கம்பியை மாற்றினார். வைஃபை சேனலை மாற்றினார். வெளியிலிருந்து வரும் கம்பியை நேராகக் கணினியில் செருகினால் இணையம் பறந்தது. ரவுட்டர் வழியாக வந்தால் தவழ்ந்தது.

குருவிடம் போய் நின்றார். "குருவே, ஏன் இப்படி?"

"அதுல என்னென்ன ஏத்தினீங்க?"

நாகப்பரின் நெஞ்சு நிமிர்ந்தது. "விளம்பரத் தடுப்பு. யார் எங்க போறாங்கங்கிற கணக்கு. உள்ள வர்ற ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பார்க்கிற சோதனை. கம்பெனிக்காரன் எதைத் தரலியோ, அத்தனையும்! ஒண்ணைக்கூட எடுக்க மாட்டேன்."

"எடுக்க வேண்டாம். சாப்பாட்டு நேரமாச்சு. வாசல்ல நில்லுங்க. வர்றவங்ககிட்ட பெயர், ஊர், பசி எவ்வளவு, எல்லாம் கேளுங்க. தட்டைத் திருப்பிப் பாருங்க. அப்புறம் உள்ள விடுங்க."

இதற்கும் ரவுட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நாகப்பருக்குப் புரியவில்லை. ஆனாலும் குருவின் சொல். நின்றார்.

"பெயர்?"

"யோவ், நேத்து உன் பக்கத்துலதானே படுத்திருந்தேன்!"

"ஊர்?"

வரிசை கூடம் தாண்டி முற்றத்துக்குப் போனது. உள்ளே ரசம் ஆறியது. பந்திப் பாய்கள் காலியாகக் கிடந்தன. நாகப்பர் விடவில்லை. ஒரு தட்டை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இந்த வாசலே சரியில்ல!" பின்னாலிருந்து பரஞ்சோதி கத்தினார். "இடிச்சுட்டு வேற வைக்கணும்!"

நாகப்பருக்குச் சுருக்கென்றது.

"வாசலைச் சொல்லாதீங்க! வாசல் என்ன பண்ணும்? அது அகலமாத்தான் இருக்கு. நான்தான் ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, நோண்டி நோண்டி..."

கையில் இன்னும் அந்தத் தட்டு. கூடத்துச் சுவரில் ரவுட்டர் மூச்சு வாங்குவதுபோல் மினுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்திருந்த குருவைப் பார்த்தார். வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பில் தட்டு கைநழுவி உருண்டது.

உள்ளிருந்து குருவின் குரல் வந்தது:

"யாரு அங்க சிரிக்கிறது? பெயர், ஊர் சொல்லிட்டுச் சிரிங்க."