ஏழாம் மாடிக்கு ஓர் உரை

பேராசிரியர் தணிகாசலம் ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்கத் தெரியாதவர். ஒரே ஒரு சங்கப் பாட்டுக்கு முந்நூறு பக்கம் உரை எழுதிப் பெயர் வாங்கியவர். இந்த முறை சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்துக்கு அவர் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு ராப் பாட்டுக்கு எழுதிய உரை. நூற்று நாற்பது பக்கம். மூன்று மணி நேரம் பேருந்தில் மடியில் வைத்திருந்ததில் தொடை மரத்துப் போயிருந்தது.

ஆசிரமத்து வடிவம்மாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. இருந்தாலும் ஒன்பது வருடமாக வடிவம்மாதான் குரு, பேராசிரியர்தான் சீடர். காலையிலிருந்து ஊர்க் கவலையெல்லாம் கேட்டு ஓய்ந்துபோன அந்த அம்மா, வீங்கிய கால்களை வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொருவரா என்கிற அலுப்பு முகத்தில் தெரிந்தது. அதை மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"சொல்லுங்கய்யா," என்றார்.

விஷயம் இதுதான். மகன் இளம்பரிதி வீட்டை விட்டுப் போய்ப் பத்து மாதமாகிறது. ஓசூரில் ஏதோ வேலை. தாயிடம் பேசுகிறான், தகப்பன் கூப்பிட்டால் எடுப்பதில்லை. போவதற்கு முன் மூன்று மாதம் ஒரே பாட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். ஆட்டோவிலும் டீக்கடையிலும் ஊரே கேட்ட பாட்டுதான். ஆனால் அதற்குள் அவன் போனதற்கான காரணம் ஒளிந்திருக்கிறது என்று தணிகாசலத்துக்குப் பட்டுவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சான்றிதழ்களை எடுத்துப்போக வருகிறான். ஒரு மணி நேரம்தான் இருப்பேன் என்று தாயிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டான். அந்த ஒரு மணி நேரத்தில் மகனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

வடிவம்மா பாட்டைப் படிக்கச் சொன்னார். தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு வகுப்பில் செய்யுள் படிக்கிற குரலில் படித்தார்.

"ஏழாம் மாடி என் வீடு, லிஃப்ட்டு ரிப்பேரு.
ஏறி வந்து கதவத் தட்டு, எவன் இருக்கான் பாரு."

பிறகு உரை ஆரம்பமானது. ஏழாம் மாடி என்றால் ஏழு பிறவி. லிஃப்ட் பழுதானது ஊழ்வினை. கதவு என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் பதினெட்டுப் பக்கம். பாடியவன் கேட்டிருந்தால் அன்றோடு பாடுவதையே விட்டிருப்பான். வடிவம்மா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று இவர் நிறுத்தினால், மேலே படிக்கும்படி கை அசைத்தார்.

நாற்பதாவது பக்கத்தில் தணிகாசலத்துக்குத் தன் குரலே சலித்துப்போனது. தாள்களை மூடிவைத்தார். அழுகை வந்தது. இந்த வயதில் அழுவது வெட்கமாகவும் இருந்தது.

"பாட்டுன்னா எனக்கு உரை எழுதத்தாம்மா தெரியும். அதான் எழுதுனேன். அவன் மனசுல இருந்தது இதுல எங்கயுமே கிடைக்கல. எந்த வரியில இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

வடிவம்மா வரியைப் பற்றி எதுவும் பேசவில்லை. கால்களை வெளியே எடுத்து, துண்டால் மெதுவாகத் துடைத்தார். அவன் எப்போது பாட்டைப் போடுவான் என்று மட்டும் கேட்டார்.

தான் சாயங்காலம் நூலகத்திலிருந்து வீடு திரும்பியதும் போடுவான் என்றார் தணிகாசலம். பக்கத்து அறை அதிரும். எழுத உட்கார்ந்தால் ஒரு வரி ஓடாது.

"பகல்ல?"

"பகல்ல சத்தமே இருக்காதாம். வீட்டுல சொல்லியிருக்கா. காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தான் கேப்பானாம். நான் வந்ததும் அதைக் கழட்டி வச்சிட்டு ஸ்பீக்கர்ல போடுவான். எனக்கு எரிச்சல் மூட்டத்தான், வேறென்ன."

"நீங்க என்ன செய்வீங்க?"

"சுவத்தத் தட்டுவேன்."

"அவன் இன்னும் கூட்டி வைப்பானா?"

"இல்ல. உடனே குறைச்சிடுவான்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது. மடியில் இருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினார். அடுக்கியதையே திரும்ப அடுக்கினார்.

"குறைச்சப்புறம்?" என்றார் வடிவம்மா.

"குறைச்சப்புறம் நான் எழுத ஆரம்பிச்சிடுவேன்."

வடிவம்மா துண்டை மடித்து வாளியின் விளிம்பில் போட்டார். அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. களைப்புதான் இருந்தது.

"சத்தத்தைக் குறைச்சிட்டு, அப்பா எழுந்து வர்ற காலடி கேக்குதான்னு காத்துக்கிட்டு இருந்திருப்பான் ஐயா. உங்களுக்குத்தான் எழுத வேலை இருந்துச்சு."