தொண்டையைத் தாண்டிப் போன நரம்பு

மாணவருக்கு வயது நாற்பத்தாறு, குருவுக்கு முப்பத்தெட்டு. இருபது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கு ஊசி போட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு அறுவை சிகிச்சை படிக்க வந்தவர் பொன்னையா. சொல்லிக் கொடுப்பவர் டாக்டர் நஸ்ரின். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் குழம்பத்தான் செய்வார்கள்.

நாலு நாளைக்கு முன் மரியபுஷ்பம் என்ற அம்மாவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். இடது பக்கத்தைச் செய்தவர் பொன்னையா. கட்டியை இழுத்த இழுப்பு நூலளவு கூடிப்போனது. குரல்வளைக்குப் போகிற நரம்பு அறுந்துவிடவில்லை, ஆனால் துவண்டுவிட்டது. மயக்கம் தெளிந்த அந்த அம்மா வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அவருக்கோ குரல்தான் பிழைப்பு. கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர்.

"வீக்கம்தான், சரியாப் போயிரும்" என்று யாரோ ஆறுதல் சொல்லி வைத்தார்கள். அதை நம்பி, வெள்ளிக்கிழமை ஏலத்துக்கு வந்துவிடுவதாக அந்த அம்மா ஊருக்குத் தகவல் அனுப்பியிருந்தார். பொன்னையாவுக்கு உண்மை தெரியும். குரல் திரும்ப ஆறு மாசம் ஆகலாம், திரும்பாமலும் போகலாம். அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். பாவம், நல்ல மனுஷர்; அந்த அம்மா படுத்திருந்த பத்தாம் நம்பர் கட்டில் பக்கம் போகக் கால் எழவில்லை.

அன்று காலை வார்டைச் சுற்றி முடித்துவிட்டு நஸ்ரினின் அறைக்கு வந்து நின்றார்.

"ஒரு சந்தேகம் மேடம். அந்த நரம்பு ஏன் இப்படிச் சுத்தி வருது? மேல இருந்து நேரா குரல்வளைக்குப் போயிருந்தா என் கையில மாட்டியிருக்காதே."

நஸ்ரின் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க கழுத்துலயே காட்டுங்க சார். இடது பக்கம்."

பரீட்சையாக்கும் என்று நினைத்த பொன்னையா, சுட்டுவிரலைக் காதுக்குப் பின்னால் வைத்தார்.

"இங்க மண்டையோட்டை விட்டு வெளிய வருது. கழுத்து வழியா இறங்குது."

"தொண்டை வந்துருச்சு. நிக்குதா?"

"நிக்கல. தாண்டிப் போயிருது." விரல் சட்டையின் முதல் பொத்தானைக் கடந்து நெஞ்சுக்கு வந்தது. "இங்க, இதயத்துல இருந்து புறப்படுற பெரிய ரத்தக்குழாய். அதுக்கு அடியில வளைஞ்சு..."

"வளைஞ்சு?"

"திரும்ப மேல ஏறுது. மூச்சுக்குழாய் ஓரமாவே வந்து குரல்வளையில சேருது."

"தாண்டினது தாண்டினபடியே போயிருந்தா?"

"குரலே கிடையாது மேடம்."

விரல் தொண்டையிலேயே இருந்தது. நஸ்ரின் அவர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பொன்னையா தாங்கியிருப்பார். இல்லை.

"பத்தாம் நம்பர் கட்டிலை இன்னைக்கும் தாண்டித்தான் போனீங்க. நாலு நாளாப் பாக்கறேன்."

பொன்னையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நஸ்ரின் எழுந்து மூலையில் கிடந்த ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டார். "நின்னுக்கிட்டே சொல்ற விஷயமில்ல. வாங்க, நானும் வர்றேன். ஆனா சொல்லப் போறது நீங்க."

"அவங்க முன்னாடி போனா எனக்குப் பேச்சே வராது மேடம்."

"அவங்களுக்குத்தான் சார் வராது," என்றார் நஸ்ரின், மெதுவாக. "உங்களுக்கு வரும்."