அடைத்தது யார்?

"அம்மா, திறந்து வெச்ச வழியை யாரோ திரும்ப அடைச்சிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியணும்."

தாண்டவராயன் நெஞ்சின் மேல் கை வைத்துச் சொன்னார்.

மடத்து அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். தாண்டவராயனைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் பதினோரு வருடமாக அவருக்கு இவர்தான் குரு.

"வெறுங்கையோட கேக்கறீங்களே," என்றார்.

அந்த மடத்தில் அப்படி ஒரு வழக்கம். கேள்வி கேட்க வந்தவர் சமையலுக்கு ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டுதான் கேட்க வேண்டும். பாதிக் கேள்விகள் கீரை ஆய்ந்து முடிப்பதற்குள் காணாமல் போய்விடும்.

அன்றைக்குத் தேங்காய். அம்மையார் துருவியை அவர் பக்கம் நகர்த்தினார்.

தாண்டவராயன் முகம் சுளித்தார்.

"இது மேலதாம்மா எனக்கு சந்தேகமே."

"தேங்காய் மேலயா?"

"தேங்காயைக் குழம்புல போடற கை மேல."

அந்தக் கைக்கு உரியவள் வாசல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி கோமளவல்லி. நெஞ்சு நோயோடு இருப்பவரைத் தனியே அனுப்ப மனம் வராமல் தானாகவே கிளம்பி வந்தவள். பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தார், அவள் பின்னால். இருபத்து மூன்று நாளாக அவளோடு அவர் பேசவில்லை. அவள் சமைத்ததைத் தொடவில்லை. தானே கஞ்சி காய்ச்சிக் குடித்தார். தினமும் அடிப்பிடித்தது.

எட்டு மாதத்துக்கு முன் அவருடைய இதயக் குழாயில் இருந்த அடைப்பை விரித்து, ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பிவலையை உள்ளே வைத்தார்கள். அவரும் ஒழுங்காக நடந்தார். உப்பைக் குறைத்தார். ஒரு வேளை மாத்திரை தவறவில்லை. இப்போது அந்த வலைக்குள்ளேயே வழி மறுபடி குறுகிவிட்டது. அதை விரிக்க வியாழக்கிழமை திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"நெஞ்சுக்குள்ள எடுத்த படத்தைப் பாத்தீங்களா? எப்படி இருந்தது?" அம்மையார் ஆவலாகக் கேட்டார்.

"இலை உதிர்ந்த மரம் மாதிரி. கிளை கிளையா. ஒரு கிளை மட்டும் நடுவுல எறும்பு இடுப்பு மாதிரி ஒடுங்கி இருக்கு."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"யாரு அடைச்சதுன்னு கேட்டேன். உங்க உடம்புதான் ஐயாங்கறாரு. மழுப்பறாரு."

முப்பது வருடம் அவருடைய வேலை மின்சாரத் திருட்டைப் பிடிப்பது. எந்தக் கம்பத்தில் எவன் கொக்கி மாட்டினான் என்று மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர். ஓரிடத்தில் ஒன்று குறைந்தால், அதற்கு ஓர் ஆள் இருந்தே தீர வேண்டும்.

"வலை செஞ்ச கம்பெனிக்கு லெட்டர் போட்டேன். பக்கத்து வீட்டு ஊதுபத்திப் புகையைக்கூட விசாரிச்சிட்டேன். கடைசியா மிஞ்சினது இவதான். ஆள் யாருன்னு தெரியாம வியாழக்கிழமை நான் போகப்போறதில்ல. திறந்து என்ன பிரயோஜனம்? மறுபடி அடைப்பாங்க."

"போகலைன்னா?"

"மூச்சு நிக்கும். நிக்கட்டுமே."

அம்மையார் தேங்காய் மூடியை அவர் கையில் வைத்தார்.

"துருவுங்க."

துருவினார். கோபத்தோடு துருவினார். மூடி வழுக்கியது. கட்டைவிரல் துருவியின் பல்லில் இழுபட்டது.

சின்னக் கீறல்தான். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. ரத்தம் உறையாமல் இருப்பதற்காக அவர் விழுங்கும் மாத்திரைகள் அப்படி. வெள்ளைத் துருவலின் மேல் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு விழுந்தது.

"கோமளா, கொஞ்சம் உள்ள வாங்க!" அம்மையார் வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

அவள் ஓடி வந்தாள். முந்தானையைச் சுற்றி விரலை இறுக அழுத்தினாள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லித் தந்ததை அவள் மறக்கவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து விலக்கிப் பார்த்தாள். கசிந்தது.

பத்து நிமிடம். கசிந்தது.

தாண்டவராயன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடைச்சிடு," என்று முணுமுணுத்தார். "அப்பனே, சீக்கிரம் அடைச்சிடு."

"யார்கிட்ட கேக்கறீங்க?" என்றார் அம்மையார்.



அம்மையார் கெட்டுப்போன துருவலை வாரிச் செடிக்குப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, மெதுவாக வந்தார்.

கோமளவல்லி மறுபடி விலக்கிப் பார்த்தாள். கீறலின் மேல் கருஞ்சிவப்பாக ஒரு கோடு. அவ்வளவுதான்.

"நின்னுடுச்சு!" தாண்டவராயன் கையைத் தூக்கிக் காட்டினார். "அம்மா, பாருங்க, அடைச்சிடுச்சு!"

"யாரு அடைச்சது?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

விரலைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றக் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

"அங்கேயும் புண்ணு ஆகியிருக்கும், இல்ல?" என்றார். "கம்பியை உள்ள வெச்சப்போ."

கொல்லையில் ஓர் அணில் கத்திவிட்டு ஓய்ந்தது.

"அப்போ கேஸ் எழுத ஆளே இல்லையாம்மா?"

"ஆள் வேணுமா?"

கோமளவல்லி இதற்குள் துருவியின் முன் உட்கார்ந்து மீதி மூடியைக் கையில் எடுத்திருந்தாள். முந்தானையில் அவருடைய ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது.

தாண்டவராயன் தொண்டையைச் செருமினார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"காலைல ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. வியாழக்கிழமை. நீயும் வரணும்."

அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"வராம பின்ன? ஆஸ்பத்திரில கையெழுத்து தேங்காயா வந்து போடும்?"