பத்தில் ஒருவன்

ரோமாபுரியில் கொள்ளைநோய் பரவிய கோடை அது. அங்கே கம்பளித் தொழிலாளர் சங்கத்தைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு தலைவனை வைத்திருந்தார்கள். பத்தில் ஒருவன் இறந்தால் மற்ற ஒன்பது பேரும் பாடை சுமக்க வேண்டும். தலைவன்தான் முதலில் இறந்தவன் வீட்டுக்குள் போக வேண்டும். சங்கத்து விருந்தில் எல்லோரும் கைதூக்கி ஒப்புக்கொண்ட விதி இது. வயிறு நிறைந்திருக்கும்போது யாருக்குத்தான் சாவு பயம்?

அப்படி ஒரு தலைவன் பெஸ்தஸ். நண்பகலில் தன் தத்துவ ஆசான் நிகேதஸிடம் ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஆசானே, எங்கள் பத்தில் இருக்கும் ருபினஸ் இறந்துவிட்டான். அந்த நோய்தான். நான் உள்ளே போயாக வேண்டும். பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை எப்படியாவது போக்கிவிடுங்கள்.”

“இறந்ததை யார் பார்த்தது?”

“யாரும் பார்க்கவில்லை. தனியாள். காலையிலிருந்து இருமல் சத்தமே இல்லை.”

நிகேதஸ் செருப்பை மாட்டினார். வாரை இரண்டு முறை தப்பாகக் கட்டி அவிழ்த்தார்.

“உங்களுக்குமா பயம்?”

“பின்னே? வா, போகலாம்.”

தெரு வெறிச்சோடிக் கிடந்தது. முனையில் மற்ற எட்டுப் பேரும் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பாடையை மட்டும் யாரோ ருபினஸின் வாசல்வரை கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு ஓடிவந்திருந்தார்கள்.

பெஸ்தஸ் கதவில் கை வைத்தான்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “யாரு? பெஸ்தஸா? கொஞ்சம் தண்ணி...”

பெஸ்தஸ் துள்ளி விலகினான். அதைப் பார்த்ததுமே எட்டுப் பேரும் ஓட்டம் பிடித்தார்கள்.

“உயிரோடு இருக்கிறான்” என்று கிசுகிசுத்தான்.

“ஆமாம்.”

“பிணமென்றால்கூடக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிவிடுவேன். இவன் மூச்சு விடுவான், இருமுவான், என் கையைப் பிடிப்பான். என் மனைவி மாசமாக இருக்கிறாள், ஆசானே.”

நிகேதஸ் வாசலில் சாய்ந்திருந்த பாடையை ஓரமாக நகர்த்தினார்.

“எங்கள் விதியில் இறந்தவனைத் தூக்குவதுதான் இருக்கிறது. உயிரோடு இருப்பவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொழுது சாயட்டும். எல்லாம் முடிந்தபிறகு வந்து முறைப்படி செய்கிறேன். அதில் தப்பில்லையே?”

உள்ளே ஏதோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அது கதவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“விதி உனக்குத்தான் தெரியும்” என்றார் நிகேதஸ். “நான் இங்கேயே நிற்கிறேன். இப்போது என்னிடம் சொன்னதை, கதவைத் திறந்து அவனிடம் சொல்லிவிட்டு வா.”